வரியைக் கடை கட்டினால் செலவு, நான் கட்டினால் வரம்பு

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 8, 2026

அன்புள்ள சேகர்,

இடுப்பு வலி குறைந்து நீ மறுபடியும் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. கட்டிய மாநில வருமான வரியை ஃபெடரல் (மத்திய அரசு) வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து கழிக்கலாமா என்று கேட்டிருந்தாய்; நானும் இந்த வாரம் முழுவதும் அதே காகிதங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வரியாகப் போன பணத்துக்கு மறுபடியும் வரியா என்ற நியாயத்தில், 1913 வருமான வரிச் சட்டத்திலேயே இடம்பெற்ற கழிவு இது. மாநில வருமான வரியும் சொத்து வரியும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் கழிக்கக் கூடாதென்று 2018 முதல் வரம்பு வந்த பிறகு, நான் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவதையே விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கிடைக்கும் நிலையான கழிவையே எடுத்துவந்தேன். 2025-க்கு வரம்பு 40,000 ஆனதும் ஆவலோடு கணக்குப் போட்டேன். சம்பளத்தில் பிடித்த மாநில வரி 8,900, சொத்து வரி 11,400, வீட்டுக் கடன் வட்டி 12,000, கோயிலுக்குக் கொடுத்தது 1,000, ஆக 33,300. தம்பதியருக்கான நிலையான கழிவே 31,500 என்பதால், கூடுதலாகக் கிடைப்பது 1,800; என் வரி விகிதப்படி அதில் 22 விழுக்காடு, 396 டாலர்தான் மிச்சம். மூன்று மாலைகள் ரசீது தேடியதற்குக் கூலி அவ்வளவுதான்!

உன் நிலைமை வேறு. உன் கடை சி கார்ப்பரேஷனாக, அதாவது லாபத்துக்குத் தானே வரி கட்டும் நிறுவனமாக, இருந்தால் மாநில வருமான வரியை வரம்பின்றிச் செலவில் எழுதலாம். நீயும் உன் மச்சானும் நடத்துவது எஸ் கார்ப்பரேஷன் என்பதால், லாபம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்து, அதற்கான மாநில வரியும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். இதற்காகவே நியூ ஜெர்சி 2020 முதல் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது: உங்களுக்குப் பதிலாகக் கடையே மாநில வரியைக் கட்டும், அது கடையின் செலவாகிவிடுவதால் உங்களிடம் வந்து சேரும் லாபம் அந்த அளவுக்குக் குறையும், கட்டியதில் உங்கள் பங்கை மாநிலக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பரிலேயே ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இதை ஏற்றுக்கொண்டது. கார்ப்பரேஷனோ கூட்டாளியோ இல்லாமல் தனியாளாகத் தொழில் நடத்துபவருக்கு இந்த வழி கிடையாது. அவர் கடைக் கட்டடத்தின் சொத்து வரியைச் செலவில் எழுதலாமே தவிர, தன் மாநில வருமான வரியை எழுத முடியாது. சம்பளக்காரனான எனக்கோ அதுவும் இல்லை. ஒரே வரியை யார் கையால் கட்டுகிறோம் என்பதை வைத்துச் சலுகை மாறுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று: மாநில வரியின் நான்காம் தவணையை ஜனவரி 12 அன்று கட்டியதாக எழுதியிருந்தாய். டிசம்பர் 31-க்குள் கட்டியிருந்தால் அதை 2025 கணக்கிலேயே சேர்த்திருக்கலாம். இனி அது 2026-க்குத்தான். கடை மூலமாகக் கட்டுவதானாலும் இதையே கவனத்தில் கொள். 2030-இல் வரம்பு மீண்டும் 10,000-க்கு இறங்கவிருப்பதால், மச்சானையும் உட்காரவைத்து இந்த மாதமே ஆடிட்டரிடம் பேசிவிடு. போகும்போது கடை லாபத்தில் உங்கள் இருவரின் பங்கைக் காட்டும் சென்ற ஆண்டின் கே-1 படிவங்கள் இரண்டையும் எடுத்துப் போ.

அன்புடன்,
ராமு