பெட்டி வந்துவிட்டது, விளக்கு எரியவில்லை

ஒன்றிய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்திற்கும் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தங்கள் இருவருக்கும் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இணையம் தருவதற்காக எங்கள் ஊராட்சிக்கு வந்த ஒளியிழை வடம் ஏன் இன்னும் உயிர் பெறவில்லை என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, அது மத்தியத் திட்டம் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் கேட்டபோது, செயல்படுத்துவது மாநிலம் என்றார்கள். இரண்டுமே உண்மை என்பதால் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் திரும்பி வந்தேன். இருவரும் ஒரே தாளைப் படித்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது சற்றுக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பில் இருக்கிறது. சென்ற ஐப்பசியில், அடைமழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் நியாயவிலைக் கடை விற்பனையாளர் கைரேகைக் கருவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊருக்கு மேற்கே உள்ள பாறையில் ஏறினார். ஏன் ஏறினார் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் சிக்னல் கிடையாது. பாறைமேல் ஒரு கோடு தெரியும். மாதந்தோறும் நடப்பதுதான். அவருக்குப் பின்னால் குடும்ப அட்டையும் பையுமாக ஊரே வரிசையாக ஏறும். மேலே விரலை வைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து அரிசி வாங்கிக்கொள்ளும். அன்று பாறை வழுக்கிவிட்டது. அவருக்கு முழங்கையில் அடி. கருவி மூன்று துண்டு. மாற்றுக் கருவி மலையேறி வர பதினோரு நாள் ஆயிற்று.

அந்தப் பதினோரு நாளும் அரிசி மூட்டைகள் கடைக்குள் அடுக்கியபடியே இருந்தன. தராசு இருந்தது. அட்டை இருந்தது. அட்டைக்கு உரியவரும் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் அவர் என்று சொல்ல ஊரில் இருநூறு பேர் இருந்தோம். ஆனால் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கணினி தலையசைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: “என்னப் பார்த்தா என்னைத் தெரியலையா வாத்தியாரே?” முப்பத்தோராண்டுகள் பள்ளியில் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ரேகை விழாதவர்களுக்குக் கைப்பேசியில் கடவுச்சொல் வரும் என்பார்கள். அந்தக் கடவுச்சொல்லும் பாறைக்குத்தான் வரும்.

இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடையிலிருந்து முந்நூறு அடி தொலைவில், ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்தில், தங்கள் திட்டத்தின் பெட்டி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மின்கம்பங்கள் வழியே வடத்தை இழுத்து வந்து, இரும்புச் சட்டத்தில் கருவிகளைப் பொருத்தி, பக்கத்தில் மின்கலங்களை அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சில வாரங்கள் பச்சை விளக்கு மினுக்கியது. பிறகு ஒரு காற்றில் மரக்கிளை விழுந்து வடம் அறுந்தது. வடத்தை ஒட்டவைத்தபோது மின்கலம் செத்திருந்தது. மின்கலம் மாற்றப்பட்டபோது சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கம்பத்தையே பிடுங்கியிருந்தார்கள். இன்று அந்தப் பெட்டியில் ஒரு பல்லி குடித்தனம் நடத்துகிறது. ஆனால் கணக்கில் எங்களுடையது இணைக்கப்பட்ட ஊராட்சி.

ஆகவே எங்கள் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடம் வந்த ஊருக்கு இணைப்பும் வர வேண்டும். அந்த இணைப்பு கூலி வேலை செய்யும் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் வீடுவரை வர வேண்டும்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. நாட்டின் எல்லா ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். 2015-இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2018-இல் வெளியான தேசிய டிஜிட்டல் தகவல் தொடர்புக் கொள்கை, 2020-க்குள் ஒவ்வோர் ஊராட்சிக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்பு, 2022-க்குள் 10 ஜிகாபிட் என்று உறுதி கூறியது. நாங்கள் பாறைமேல் கணக்கிடுவது ஜிகாபிட்டில் அல்ல, கோடுகளில். 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒன்று வந்தது. ஐந்தாண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு தருவதும், பத்தாண்டுகளுக்குப் பராமரிப்பதும் அதில் அடக்கம். தமிழ்நாட்டின் பங்கில் 12,525 ஊராட்சிகள் உண்டு.

அந்தத் திருத்தத்தில் ஒரு நல்ல செய்தி இருப்பதை மறைக்க விரும்பவில்லை. முன்பு வடத்தை நேர்க்கோட்டில் இழுத்தார்கள். திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்கைப் போல, நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் இருண்டுவிடும். இனி வளையமாக அமைப்பார்களாம்; ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் வழியாக இணைப்பு ஓடும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தாவது இது தோன்றியதே என்று மகிழ்கிறேன். ஆனால் வளையத்தை வரைபடத்தில் வரைந்தால் போதாது. அறுந்த வடத்தை எத்தனை நாளில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் யாருக்கு அபராதம் என்பதையும் ஊர் அறிய எழுதிவைக்க வேண்டும்.

பணம் இல்லை என்று தாங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து ரூபாய், கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோவதற்கென்றே 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த நிறுவனங்களின் வருவாய் என்பது நாங்கள் கட்டும் ரீசார்ஜ் காசுதான். அதாவது, கிடைக்காத சிக்னலுக்கும் சேர்த்து நாங்கள் கட்டிவரும் காசில் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவழிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

ரீசார்ஜ் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பஞ்சாங்கத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். கைப்பேசி நிறுவனங்களின் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு 28 நாள். ஆகவே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். அந்தப் பதின்மூன்றாம் மாதத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றியபோது, எங்கள் ஊரில் பல வீடுகளில் இரண்டு கைப்பேசி ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் மேஸ்திரி வேலைக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போகும் ஆணின் சட்டைப்பையில் போய்விட்டது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் படிக்கும் பிள்ளைக்கும் பாறையும் பயனற்றதாகிவிட்டது. பட்டா, சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், தேர்வுக்கான நுழைவுச்சீட்டு என்று ஒவ்வொன்றையும் இணையத்தில்தான் கேட்க வேண்டும் என்று ஆணையிட்டவர்கள், ஆணையோடு ஓர் ஏணியையும் கொடுத்திருக்கலாம். இங்கிருந்து கீழே இறங்கிக் கணினி மையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் அந்த மையத்தின் சுவரில் அழகாக ஒட்டப்பட்டிருக்கிறது.

சற்று விலகிப்போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரும். வங்கி போன்ற இடங்களில் அடையாளம் சரிபார்க்கும்போது, கருவி கேட்டபடி கண்ணைச் சிமிட்ட முடியாததால் வாடிக்கையாளராகவே ஏற்கப்படாதவர்கள் அவர்கள். பாறை ஏற முடியாத எங்கள் மூதாட்டியும் அவர்களிடமிருந்து வெகுதொலைவில் இல்லை.

எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வடம் வந்த ஊருக்கு இணைப்பும் வர வேண்டும். பெட்டி பொருத்திய நாளை வைத்து அல்லாமல், தொடர்ந்து மூன்று மாதம் விளக்கு எரிந்ததை வைத்தே ஓர் ஊராட்சியை இணைக்கப்பட்டது என்று கணக்கில் எழுத வேண்டும். நியாயவிலைக் கடை, பள்ளி, துணை சுகாதார நிலையம் ஆகிய மூன்றுக்கும் அந்தப் பெட்டியிலிருந்து முதலில் கம்பி இழுக்க வேண்டும். பிறகு வீடுகளுக்கு, ஒரு நாள் கூலிக்கு மேற்படாத மாதக் கட்டணத்தில், முப்பது நாள் கொண்ட மாதத்துக்கு இணைப்புத் தர வேண்டும். அதற்கு முன்னதாக, எங்கள் ஊராட்சியில் விளக்கு எரியப்போகும் தேதியை ஒரு தாளில் எழுதி, அந்தப் பெட்டி இருக்கும் அறையின் கதவில் ஒட்டச் செய்தால் நன்றியுடையவனாவேன்.

பதிலைத் தபாலில் அனுப்புமாறு வேண்டுகிறேன். மின்னஞ்சலில் அனுப்பினால் நான் பாறை ஏற வேண்டியிருக்கும். இங்கே மழை இன்னும் விடவில்லை.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்