ஹார்ட்விக் ஹாலில் கைகொடுத்தவர்களுக்கு

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இங்கிலாந்தில் அந்தப் பழைய மாளிகையைப் பார்க்கப் போன இடத்தில் அம்மாவுக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி சொல்லத் தெம்பில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள், வார்டு நர்ஸ்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் காரை எடுத்துக்கொண்டு வந்த நண்பர்கள், சாப்பாடு கொடுத்தனுப்பிய வீடுகள், எல்லோருக்கும் கும்பிடு. ஒவ்வொருவரிடமும் நேரில் பேசுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மாளிகையில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நிற்கும் தன்னார்வலர், ஒரு பாட்டி. பெயர் கேட்க அப்போது தோன்றவில்லை. நான் அம்மாவோடு இருக்க, கை நடுங்க நின்ற அப்பாவை உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருந்தார். நானாக இருந்தால் "ஒன்றும் ஆகாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். அவரோ, அப்பா பொதுப்பணித்துறை ஓவர்சியராக இருந்தவர் என்று தெரிந்ததும் கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வெளிப்பக்கம் பூரா கண்ணாடி. அப்போ லோடு எதுல இறங்குது?" அப்பா தனக்கு வந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். கனத்த உள்சுவர்களில் என்றாராம். புகைபோக்கிகளும் உள்சுவர்களுக்குள்தான். சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறையே கிடையாது, புகைபோக்கிதான் இருக்கிறது. வெளியே வரிசை கெடக்கூடாது என்று அங்கேயும் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அப்பா சிரித்தேவிட்டாராம். அன்றைக்கு!

கட்டியவர் பெஸ் சீமாட்டி. நாலாவது கணவரும் இறந்த 1590-இல், அறுபது வயதைத் தாண்டி ஆரம்பித்து, 1597-இல் குடிபுகுந்தவர். கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலம் அது. தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லில் வடித்துக் கோபுர உச்சிகளில் நிறுத்தினார். வரைபடம் போட்ட ராபர்ட் ஸ்மித்சன் கல்கொத்தனாராக இருந்து மேலே வந்தவர் என்றதும் அப்பாவுக்கு ஏக திருப்தி.

நீளக் கூடத்துச் சித்திரத் திரைகளின் கதையை மறுநாள் அப்பா வார்டில் சொன்னார். 1592-இல் ஹாட்டன் குடும்பத்திடம் வாங்கிய திரைகள். அவர்களுடைய குடும்பச் சின்னத்தின் மேல் தன் சின்னத்தை ஒட்டவைத்து, அந்தச் செலவையும் விலையில் கழித்துக்கொண்டார் பெஸ். கண்ணை மூடியபடியே அம்மா, "கெட்டிக்காரி" என்றார். அத்தனை நேரத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை.

பாட்டிக்கு மாளிகை விலாசத்துக்கே கடிதம் போட்டிருக்கிறேன். டாக்டர் படியேறச் சம்மதித்ததும் மூவருமாகப் போகப் போகிறோம். அவர் எந்தக் கிழமைகளில் வருவார் என்று யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியம்.