முதலாளி மட்டும் விமானம் ஏறினால் போதுமா? திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பல வருடம் மெர்ச்சண்டைசிங்கில், அதாவது வாங்குகிறவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சின்ன நிறுவனங்களுக்கு ஆர்டர் பின்தொடர்தலிலும் கணக்கிலும் உதவி செய்துகொண்டிருக்கிறேன். செலவைக் குறைக்க உட்காரும்போதெல்லாம் முதல் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகிவிட்டது. பயணச் செலவில்தான். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு அந்தக் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

உங்கள் பக்கமும் புரிகிறது. நூல் விலை உங்கள் கையில் இல்லை. கரண்ட் பில்லைத் தள்ளிப்போட முடியாது. சனிக்கிழமை சம்பளத்தை நிறுத்த முடியாது. டிக்கெட்டை ரத்து செய்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் யாருடைய டிக்கெட் ரத்தாகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். முதலாளியும் மகனும் போகும் கண்காட்சிப் பயணம் அப்படியே இருக்கும். டையிங் மாஸ்டர் (சாயம் பார்ப்பவர்), பேட்டர்ன் மாஸ்டர் (உடுப்பின் வெட்டு வடிவம் வரைபவர்), மெர்ச்சண்டைசர் போக வேண்டியது மட்டும் "வீடியோ காலில் பேசிக்கலாமே" என்று முடிந்துவிடும்.

ஒருவர் நேரில் வந்து பார்த்ததால் வளர்ந்த ஊர் இது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டி-ஷர்ட் வாங்க இங்கே வந்தார். வந்து பார்த்தவர் ஊரின் திறனைப் புரிந்துகொண்டு ஐரோப்பிய வியாபாரத்தை இந்தப் பக்கம் திருப்பினார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பிய உடுப்புக் கடை நிறுவனம் வந்தது, பிறகு மற்ற பெரிய கடைகள் வந்தன. மும்பையிலேயே உட்கார்ந்து பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெரோனா விமானம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் இன்னும் கொஞ்ச காலம் பனியன் ஊராகவே இருந்திருப்போம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயணத்தின் பலனை நாம் இன்றுவரை வாங்குகிற பக்கத்துக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்திருக்கிறோம். பையர் (வாங்குகிறவர்) வருகிறார், ஃபேக்டரியைச் சுற்றுகிறார், எந்திரங்களைப் பார்க்கிறார், பக்கத்து ஃபேக்டரியின் விலையையும் விசாரித்துக்கொண்டு போகிறார். நம்மைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அவருடைய கடை எப்படி இருக்கும் என்று அந்த ஆர்டரை முழுக்கத் தூக்கிச் சுமக்கும் நம் மெர்ச்சண்டைசருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம், நிறம். லேப் டிப், அதாவது சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துணித் துண்டு, ரிஜெக்ட் ஆகி ஆகித் திரும்பி வரும் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கில் சரியாக இருக்கும் நிறம், கடை வெளிச்சத்தைப் போன்ற டிஎல்84 விளக்கில் கொஞ்சம் சிவப்படிக்கும். பையர் எந்த விளக்கை முதல் விளக்காகச் சொல்லியிருக்கிறார் என்பது டெக் பேக்கில் (உடுப்பின் விவரக் குறிப்பில்) ஒரு வரியாக இருக்கும். நம் டையிங் மாஸ்டர் இந்த விளக்குகள் உள்ள லைட் பாக்ஸ் என்ற பெட்டியில் பார்த்து ஓகே சொல்வார். ஆனால் அந்த உடுப்பு தொங்கப்போகும் கடையில் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை. மேலே என்ன விளக்கு, பக்கத்தில் தொங்கும் இன்னொரு நாட்டுச் சரக்கின் நேவி ப்ளூ எவ்வளவு ஆழம், வாங்க வருகிறவர் துணியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறாரா, இல்லை அப்படியே கூடையில் போடுகிறாரா என்பதெல்லாம் லைட் பாக்ஸில் தெரியாது. பல கடைகள் எல்.இ.டி.க்கு மாறிய பிறகு இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. டையிங் மாஸ்டர் அந்தக் கடைகளில் இரண்டு நாள் சுற்றி வந்தால், அடுத்த சீசனில் எந்த நிறத்தில் எவ்வளவு தூரம் மெனக்கெடலாம், எதை விட்டுப் பிடிக்கலாம் என்று அவருக்கே தெரிந்துவிடும். வீடியோ காலில் நிறம் பார்க்க முடியாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிட் சாம்பிளும், அதாவது அளவு சரிபார்க்கத் தைத்து அனுப்பும் மாதிரி உடுப்பும், அப்படித்தான். "ஆர்ம்ஹோல் (கை சேரும் இடம்) கொஞ்சம் டைட்டாக இருக்கிறது" என்று மெயில் வரும். எவ்வளவு டைட், எந்த அசைவில் டைட்? பேட்டர்ன் மாஸ்டர் ஒரு யூகத்தில் திருத்துவார், சாம்பிள் மறுபடி கூரியரில் போகும், மறுபடி கமென்ட் வரும். அந்த உடுப்பைப் போட்டுப் பார்க்கும் ஃபிட் மாடல் கையைத் தூக்கும்போது அவர் எதிரே நின்றால், அரை மணி நேரத்தில் ஊசி குத்தி முடித்துவிடுவார்.

இங்கேதான் கணக்கைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்ரூவலில் போகும் ஒவ்வொரு வாரமும் உற்பத்தியிலிருந்து கழிகிறது. கடைசியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு ஏர் ஷிப்மென்டாகப் போகும், அதுவும் நம் செலவில். இல்லையென்றால் டிஸ்கவுன்ட். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, தாமதத்துக்கு இருந்த கொஞ்ச நஞ்ச இடமும் போய்விட்டது. ஒரு ஏர் ஷிப்மென்டின் பில்லையும் ஒரு டெக்னீஷியனின் ஐரோப்பியப் பயண பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதை "என்ன பண்றது, நேரம்" என்று பாஸ் செய்கிறோம். இரண்டாவதற்கு மூன்று கையெழுத்து கேட்கிறோம்.

பயணத்துக்குப் போடும் காசு திரும்பி வருமா? 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு எகனாமிக்ஸ் நிறுவனம், பயணத்தில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் 12.50 டாலர் வருமானம் கிடைக்கிறது என்று அமெரிக்கப் பயணத் துறைச் சங்கத்துக்காக ஒரு கணக்குச் சொன்னது. டிக்கெட் விற்கிறவர்கள் கேட்டு வாங்கிய கணக்கு என்பதால் நான் அதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்க்கிறேன். 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாஸ்டர்கார்டு நிறுவனக் கார்டுகளின் செலவு விவரத்தை வைத்து, எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு வேலை நிமித்தம் ஆட்கள் போகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு தொழிலில் கெட்டியான நாட்டிலிருந்து ஆட்கள் அதிகம் வரும் இடத்தில் அந்தத் தொழில் வளர்கிறது, புதிதாகவும் முளைக்கிறது என்று தெரிந்தது. இப்படிப்பட்ட பயணம் அடியோடு நின்றுபோனால் உலக மொத்த உற்பத்தியே 17 சதவீதம் சுருங்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. 17 என்ற எண்ணைப் பற்றி பொருளாதாரம் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எழுதி அனுப்ப முடியாத ஒரு வகைத் தொழிலறிவு ஆளோடுதான் நகர்கிறது என்பதற்கு நமக்கு ஆய்வே தேவையில்லை. ஜெர்மன் எந்திரம் வந்திறங்கியபோது கூடவே வந்த ஃபிட்டரிடம் நம் பையன்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது மேனுவலில் இருந்ததா என்ன?

சரி, எல்லாப் பயணத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆர்டர் நிலவரம் சொல்ல பையர் ஆபீஸ் இருக்கும் பெங்களூருவுக்கோ குருகிராமுக்கோ போக வேண்டாம். அதற்கு ஒரு எக்ஸெல் ஷீட் போதும். விலை பேசவும் பெரும்பாலும் தேவையில்லை, எப்படியும் கடைசி விலை மெயிலில்தான் வரும். முன்கூட்டி அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் கண்காட்சியில் ஸ்டால் போட்டு, மூன்று நாள் காபி குடித்து, நாலாவது நாள் ஊர் சுற்றி, விசிட்டிங் கார்டுக் கட்டோடு திரும்பும் பயணத்தை வெட்டினால் நான் கை தட்டுவேன். வெட்டக் கூடாதவை வேறு: புதுப் பையரின் முதல் ஆர்டர், குவாலிட்டி புகார் வந்திருக்கும் நேரம், புது வகைத் துணி, பையர் பக்கம் ஆள் மாறியிருக்கும் சமயம். புகார் வந்த வாரம் விமானம் ஏறிப் போய், கிடங்கில் பெட்டியைப் பிரித்துத் தானே பார்க்கிற சப்ளையரை பையர் லேசில் கைவிடுவதில்லை. மெயிலில் வாதாடுகிறவரை அடுத்த சீசனில் தேட மாட்டார்.

யாரை அனுப்புவது என்பதற்கும் முன்யோசனை வேண்டும். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா விதியை மாற்றியது. கடந்த மூன்று வருடத்தில் இரண்டு விசா எடுத்து ஒழுங்காகப் போய் வந்தவர் இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி விசா பெறலாம், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் பெறலாம். அதாவது அதே ஆளை இரண்டு முறை அனுப்பிவிட்டால், அப்புறம் புகார் வந்த வாரமே அவர் கிளம்பத் தயாராக இருப்பார். ஒவ்வொரு தடவையும் புது ஆளை, அதுவும் மச்சான் மகனையோ சித்தப்பா பையனையோ ஊர் பார்க்க அனுப்பினால் இது நடக்காது. நிட்டிங் (துணி பின்னல்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்துவது) பக்கமும் இதே கதைதான். நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐ.டி.எம்.ஏ. எந்திரக் கண்காட்சி 2027 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹானோவரில் வருகிறது. எந்திரம் வாங்கக் கையெழுத்துப் போடுகிறவர் போகட்டும், தப்பில்லை. அதை ஓட்டப்போகும் ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் மேசைகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆபீஸிலேயே பாருங்கள். பையரின் மனசு அத்துப்படியாகத் தெரிந்தவர் அவராக இருப்பார், பயணம் என்றதும் பெயர் வேறொருவருடையதாக இருக்கும். "வீட்டுல விடுவாங்களாம்மா?" என்று நாமே கேட்டு, நாமே பதில் சொல்லிவிடுகிறோம். நல்ல ஹோட்டல், வாசலுக்கு டாக்சி, முன்கூட்டிச் சொன்ன தேதி, இவ்வளவும் கொடுத்துவிட்டு அவரிடமே கேளுங்கள்.

பணம். சாம்பிள் மூட்டையோடு ராத்திரி பஸ்ஸில் பெங்களூரு போய், காலையில் பையர் ஆபீஸில் நின்று, அன்றிரவே திரும்பி வரும் பையன் தன் கைக்காசில் போய் வருகிறான். பில் பாஸாக ஒன்றரை மாதம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆட்டோவுக்கு ரசீது கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அட்வான்ஸ் கொடுத்து அனுப்பி, வந்த வாரமே முடித்துவிடுங்கள். டிக்கெட்டை ஆபீஸே போடட்டும். அதில் உங்களுக்கும் லாபம்தான்: விமான டிக்கெட்டில் கம்பெனி ஜி.எஸ்.டி. எண் ஏறினால் உள்ளீட்டு வரி வரவு (கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைக்கும், பையன் தன் பெயரில் எடுத்தால் அது போச்சு. வெளி மாநில ஹோட்டல் பில்லில் வரும் அந்த மாநில வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் எடுக்க முடியாது என்பதையும் கணக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், வீணாக அந்தப் பையனைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

போய் வந்தவரிடம் பில்லோடு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கடையில் என்ன விலைக்குத் தொங்கியது, பக்கத்தில் எந்த நாட்டுச் சரக்கு, அதன் தையல் எப்படி, பையர் எதற்கு முகம் சுளித்தார் என்று. தமிழில் எழுதினாலும் போதும். அதை சாம்பிளிங் பிரிவில் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த வருட பட்ஜெட்டில் பயணம் என்ற தலைப்பை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். முதலாளி குடும்பத்தின் பயணம் ஒரு வரி, தொழில் தெரிந்த ஊழியர்களின் பயணம் இன்னொரு வரி. வெட்ட வேண்டிய நிலை வந்தால் முதல் வரியிலிருந்து வெட்டுங்கள். டையிங் மாஸ்டரிடமும் பேட்டர்ன் மாஸ்டரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டட்டும்.

வணக்கத்துடன்,
ஒரு முன்னாள் மெர்ச்சண்டைசர்