செயலாளரின் ஆண்டறிக்கை: ஐம்பது காசுக் கடிதங்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோத்தகிரியில் இயங்கும் நம் ஓவிய வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மண்சரிவால் நின்றது. இன்னொன்று நின்றதற்குக் காரணம், அறைச் சாவியோடு நான் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதுதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆடி மாதம் பேச வரவேண்டியவர் வரவில்லை. ஒப்பேற்றுவதற்காக என் பழைய அஞ்சலட்டைகளை எடுத்துப் போனேன். 1983-இல், ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, வார இதழ் ஒன்றில் படம் வரைந்துவந்த ஓவியருக்கு எங்கள் மலையை வரைந்து அனுப்பியிருந்தேன். இரண்டு முக்கோணம், நடுவே சூரியன், கீழே ஓர் ஓடை. எங்கள் வீட்டுப் பக்கம் ஓடையே கிடையாது. எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் போட்டேன். மூன்று வாரத்தில் 15 காசு அட்டையில் பதில் வந்தது. பாராட்டி ஒரு சொல் இல்லை. வாசலில் உட்கார்ந்து, தேயிலை வரிசை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து எழுதும்படி இரண்டே வரி. ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு: இடப்புறமிருந்து ஏறி, பாதியில் குழிந்து, மறுபடி ஏறுகிறது. அவர் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மலை முக்கோணம் அல்ல என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்து, கவாத்து வெட்டிய தோட்டத்தில் விரல் முட்டிகளைப் போல நிற்கும் செடிகளை வரைந்து அனுப்பினேன். நான்கு ஆண்டுகளில் ஒன்பது பதில்கள். ஒன்றைக் கூரை ஒழுக்கு தின்றுவிட்டது.

அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஓவியர் மாலியைப் பற்றிப் பேசினார். விகடனில் ஓவியர் கோபாலனைக் கோபுலு ஆக்கியவர் மாலிதான். கட்டடம் வரைவதில் ஸ்ரீனிவாசனுக்கு இருந்த கைத்திறனைக் கண்டு சில்பி என்று பெயர் வைத்தவரும் அவரே. சில்பி பிறகு கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார். பெரியவர் ஒருவர் சுட்டிக்காட்டும் திசை எத்தனை தூரம் இழுத்துச் செல்லும் என்று அதன்பின் ஒரு மணி நேரம் விவாதம், தேநீர் ஆறிப்போனது.

விவாதத்தின் முடிவில், பிள்ளைகளை ஓவியர்களுக்குக் கடிதம் எழுதவைப்பது என்று தீர்மானித்தோம். அஞ்சலட்டை 50 காசு. சில்லறை யாரிடமும் இல்லாததால் இரண்டிரண்டாக வாங்கினோம். தபால்தலையை எங்கே ஒட்டுவது என்று ஒரு சிறுமி கேட்டாள். அது அட்டையிலேயே அச்சாகியிருப்பதைக் காட்டியபோது அவளுக்கு ஏமாற்றம். அவள் ஒட்டுவதற்கென்றே ஒரு பூப்படம் கொண்டுவந்திருந்தாள். 643217 நம் ஊர்ப் பின்கோடு என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளியில் மட்டும், தேர்வு நேரம் என்று அனுமதி மறுத்துவிட்டார்கள்.

எழுதியவர்கள் 23 பேர். பதில் பெற்றவர்கள் ஆறு பேர். ஏழாவது பதில் தபாலில் வரவில்லை. கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் பழங்குடி ஓவியர் ஒருவர் மார்கழிக் கூட்டத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார். மடித்த காகிதத்தில் வேங்கை மரப் பிசின் வைத்திருந்தார். கருஞ்சிவப்புக் கட்டியில் நீர் விட்டுத் தேய்த்தார்; முதலில் தேநீர் நிறம், பிறகு காய்ந்த ரத்த நிறம். தனக்கு எழுதிய சிறுவனைத் தேடிப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். அட்டையில் அவன் கேட்டிருந்த கேள்வி, தேன் எடுப்பவர் ஏறும் கயிற்றை எப்படி வரைவது என்பது. அவர் வரைந்து காட்டவில்லை. ஒரு கயிற்றை அவன் கையில் கொடுத்து, சன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார். கம்பி வளைந்துவிட்டது. பழுதுபார்த்த செலவு கணக்கில் ‘இதர’ என்ற தலைப்பில் இருக்கிறது.

வாங்கிய அட்டைகளில் பதினேழு மீதம் இருக்கின்றன. எழுத விரும்பும் உறுப்பினர்களும் பெற்றுக்கொள்ளலாம். ரூபாய்க்கு இரண்டு, என்னிடம் சில்லறை கிடையாது.

செயலாளர்
கோத்தகிரி