சம்பளக் கணக்கரை முதலில் அனுப்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நடுத்தர நிறுவனங்கள் பலவும், கணக்கு, சம்பளம், சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறி வருகின்றன. கொட்டேஷனில் 'சேஞ்ச் மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி இருந்தால், பேரம் பேசும்போது முதலில் அதைத்தான் அடித்துவிடுகிறார்கள். புதிய முறைக்கு ஆட்களைத் தயார்படுத்தும் செலவு அது. அதைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா அரசின் 'ஃபீனிக்ஸ்' சம்பள மென்பொருள் போதும்.

சுமார் 2,90,000 அரசு ஊழியர்களுக்கான அந்த மென்பொருள் 2016 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குள் 46 துறைகளில் இருந்த ஏறத்தாழ 1,200 சம்பளக் கணக்கர் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சி என்ற சிறிய ஊரில் 460 கணக்கர்களோடு ஒரே மையம் அமைத்திருந்தார்கள். பட்ஜெட்டுக்குள் முடிப்பதற்காக, முன்தேதியிட்ட சம்பள நிலுவை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட வசதிகளை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். சோதனை ஓட்டத்தையும் ரத்து செய்தார்கள். விளைவு, சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று போட்ட கணக்கு பொய்த்துப்போனது. 2018-இல் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கையில் எழுதினார்.

பழைய கணக்கருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எப்படிப்பட்டது என்பதற்கு நம்மூர் உதாரணம் ஒன்று. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-க்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஜூலையில் இன்கிரிமென்ட் கிடைத்து ஒருவர் அந்த வரம்பைத் தாண்டினாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலம் முடியும்வரை அவருக்குப் பிடித்தம் தொடர வேண்டும். '21,000-க்கு மேல் பிடிக்காதே' என்று மென்பொருளில் ஒரே விதியைப் போட்டுவிட்டால் ஜூலையிலேயே பிடித்தம் நின்றுவிடும். ஆளுக்கு 160 ரூபாய் சொச்சம்தான். மொத்தத் தொகையைப் பார்க்கிறவர் கண்ணில் படாது. நிறுவனம் கட்டவேண்டிய 3.25 சதவீதமும் சேர்ந்தே விட்டுப்போகும், பிறகு வட்டியோடு கட்ட நேரும். புதிய மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று தேவைப் பட்டியல் எழுத உட்காரும்போது கணக்கர் இதைச் சொல்லமாட்டார். மறைக்கிறார் என்பதல்ல, அவருக்கு அது கைப்பழக்கம், தனி விதியாகத் தோன்றுவதே இல்லை.

பழைய கணக்கையும் புதியதையும் மூன்று மாதம் சேர்த்தே ஓட்டிப் பார்த்தால்தான் இவை வெளியே வரும். மொத்தத்தை ஒப்பிட்டால் போதாது. ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆள்வாரியாகக் கைக்கு வரும் தொகையை வைத்துப் பாருங்கள். அந்த மூன்றில் ஒரு மாதமாவது இன்கிரிமென்ட், நிலுவை, போனஸ் வரும் மாதமாக இருக்கட்டும். சாதாரண மாதத்தில் எந்த மென்பொருளும் தேறிவிடும்.

கணக்கு வசதிக்காகப் பலரும் ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாக வைக்கிறார்கள். மார்ச் கணக்கை முடிக்கத் திணறுகிற அதே நான்கு பேரிடம் புதிய திரையையும் நீட்டினால் இரண்டுமே கெடும். பயிற்சியைத் தொடக்கத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன், உங்கள் நிறுவனத்தின் சொந்த டேட்டாவில் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் டெமோ டேட்டாவில் படித்தது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

மாறிய பிறகும் ஊழியர்கள் தனியாக ஓர் எக்ஸெல் ஷீட் வைத்திருந்தால் திட்டாதீர்கள். அதில் உள்ள எந்த நெடுவரிசை புதிய மென்பொருளில் இல்லை என்று உட்கார்ந்து கேளுங்கள். விடுபட்ட தேவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

மென்பொருள் வாங்கும் உரிமையாளர்களிடம் ஒரே வேண்டுகோள். மூன்று மாதக் கணக்கும் ஆள்வாரியாக ஒத்துவரும்வரை பழைய கணக்கர் எவரையும் வேலையிலிருந்து நிறுத்துவதில்லை, வேறு பிரிவுக்கு மாற்றுவதில்லை என்பதை, விற்பனையாளரோடு கையெழுத்திடும் நாளிலேயே திட்ட அட்டவணையில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஈஆர்பி செயலாக்க ஆலோசகர்கள்,
கோவை