சைக்கிள் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் நிர்வாகசபைக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். யாப்பின்படி வருட முடிவில் செயலாளர் அறிக்கை வாசிக்கவேண்டும், அதனால் இது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. நாங்கள் ஓடிய ரோட்டுகளையும் வழியில் நின்று பார்த்த இடங்களையும் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். இனி எந்த ஓட்டமாக இருந்தாலும் வழியிலுள்ள ஒரு பழைய இடத்திலாவது இறங்கி, சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மிச்ச வழி. அன்றைக்கே எதிர்ப்பும் இருந்தது. உடம்பு சூடேறி வரும் நேரம் நிறுத்தினால் கால் இறுகிவிடும், சராசரி வேகம் விழுந்துவிடும் என்று இளம் ஆட்கள் சொன்னார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் முப்பது வருடமாகப் பாரிசில் இருந்துகொண்டு ரெஸ்ரோரன்ட் குசினி, மெத்ரோ, தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல், வீடு என்று இந்த நாலைத் தவிர வேறெதையும் காணாத எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டைக் காட்டுவதுதான் சங்கத்தின் முதல் வேலை என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். வேகமாக ஓட ஆசைப்படுகிறவர்களுக்குத் தனிக் குழு இருக்கிறது, அதை யாரும் குறைத்துப் பேசவில்லை.

வசந்த காலத்தைப் பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கில் தொடங்கினோம். வடக்குப் புறநகரான லா கூர்நெவ் பக்கம் இருக்கிற ஆட்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது; பி புறநகர் ரயிலில் ஏறினால் மாறத் தேவையில்லை, கடைசித் தரிப்பான சன் ரெமியில் இறங்கினால் ரோட்டு அங்கேயே தொடங்கிவிடும். ஷெவ்ரூஸ் ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் மத்லேன் கோட்டை, டம்பியேர் மாளிகை, அதைத் தாண்டி 1118இல் துறவிகள் தொடங்கிய வோ-டி-செர்னே மடம் என்று ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. 2024 ஒலிம்பிக்கின் ரோட்டுப் போட்டியும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. ஆண்கள் 273 கிலோமீற்றர் ஓடினார்கள், அதில் ஒரு துண்டை நாங்கள் எங்கள் வேகத்தில் ஓடினோம்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகிய எவருக்கும் ஏற்றம் பழக்கமில்லை, ஊரே தட்டை. அதனால் டம்பியேரிலிருந்து ஏறுகிற பதினேழு வளைவு ரோட்டில் முதல் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தடுமாறுகிறார்கள்: ஏற்றம் தொடங்கிய பிறகு, பாரம் முழுக்கப் பெடலில் இருக்கும்போது, கியரை மாற்றப் பார்க்கிறார்கள், செயின் கழன்றுவிடுகிறது. ஏற்றம் கண்ணில் பட்டவுடனேயே முன்னுக்குச் சின்னப் பற்சில்லுக்கும் பின்னுக்குப் பெரிய பற்சில்லுக்கும் வந்துவிடவேண்டும். அப்படி வந்துவிட்டால் அறுபது வயதுக்காரரும் கதைத்துக்கொண்டே ஏறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரோட்டில் மோட்டார்சைக்கிள்கள் அதிகம், காலையோடு முடித்துவிடுவது நல்லது.

அங்கே பலருடைய மனதைத் தொட்ட இடம் போர்-ருவாயல். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, இடித்த மடத்தின் அடித்தளமும் புல்லும் ஒரு சின்னத் தேவாலயமும்தான். பிரெஞ்சு அரசன் 14ஆம் லூயி 1709இல் கடைசிக் கன்னியாஸ்திரிகளை வெளியேற்றினான், பிறகு கட்டடத்தையே தரைமட்டமாக்கினான். கல்லறைகளைக்கூடத் தோண்டி எலும்புகளை எடுத்துப்போனார்கள். இதைப் படித்துச் சொன்னபோது எங்கள் ஆட்கள் ஒருவரும் கனநேரம் பேசவில்லை. ஏன் என்று இந்தச் சபைக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

திங்கட்கிழமை ஓட்டம் பற்றியும் சொல்லவேண்டும். எங்களில் பாதிப்பேர் ரெஸ்ரோரன்டில் வேலை, சனி ஞாயிறு அவர்களுக்குக் கிடைக்காது. அதனால் இந்த வருடம் திங்கட்கிழமையும் ஓடினோம். அதில் உள்ள சிக்கல் ரயில்தான். வார நாளில் காலை 6.30 தொடக்கம் 9.30 வரையும் மாலை 4.30 தொடக்கம் 7.30 வரையும் புறநகர் ரயில்களில் சைக்கிள் ஏற்றக்கூடாது. முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குக் குசினி கழுவிவிட்டு வந்த மனிதரை விடியப்புறம் ஆறு மணி ரயிலுக்கு வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, ஆகவே திங்கட்கிழமைகளில் 9.30க்குப் பிறகுதான் ஏறுகிறோம், மாலை 4.30க்கு முதல் திரும்பி ஏறுகிறோம். தூரம் குறையத்தான் செய்யும். குறையட்டும்.

பேராலயம் இருக்கிற ஷார்த்ர் நகருக்கு ஜூன் மாதம் போன ஓட்டம்தான் என் கணக்கில் வருடத்தின் பெரிய விசயம். பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரம்புயே வரை ரயில், அங்கிருந்து காடு, எபெர்னோன், மந்த்னோன், பிறகு போஸ் சமவெளி, எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது கிலோமீற்றர் வரும். பாரிசிலிருந்து மோன் சன்-மிஷேல் வரை 450 கிலோமீற்றர் போகிற சைக்கிள் பாதையின் ஒரு பகுதி இது, அடையாளப் பலகைகள் ஒழுங்காக இருக்கின்றன, வழி தவற வாய்ப்புக் குறைவு.

மந்த்னோன் மாளிகைத் தோட்டத்தின் கோடியில் மாபெரும் கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. வெர்சாய் நீரூற்றுகளுக்கு யூர் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக அதே 14ஆம் லூயி 1685இல் தொடங்கிய நீர்ப்பாலம் அது. பல ஆயிரம் படைவீரர்களைக் கொண்டுவந்து கல் சுமக்கவும் மண் வெட்டவும் விட்டார்கள், சதுப்பு நிலத்துக் காய்ச்சலில் ஏராளம் பேர் செத்துப்போனார்கள். 1688இல் போர் வந்தது, ஆட்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள், வேலை நின்றது நின்றதுதான். அந்தப் பாலத்தால் வெர்சாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், ஊரில் மேசன் வேலை செய்தவர், தூணுக்குக் கிட்டப் போய்க் கல்லைத் தடவிப் பார்த்து, கல்லுக்குக் கல் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று இளம் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு, செத்த ஆட்களின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அந்த அரைமணி நேரத்துக்காக எத்தனை சராசரி வேகத்தையும் விட்டுக்கொடுக்கலாம்.

மந்த்னோனுக்குப் பிறகு கோதுமை வயல், வயல், வயல்தான். மறைப்பு ஒன்றும் இல்லாத வெளி, காற்று நேரே முகத்துக்கு வரும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிராக மிதித்து வளர்ந்தவர்கள் அன்று எல்லோருக்கும் முன்னால் போனார்கள், ஏற்றத்தில் பின்தங்கிய அதே ஆட்கள்! முன்னுக்கு ஒருவர் காற்றை வாங்க மற்றவர்கள் பின்சக்கரத்தோடு ஒட்டிப் போவதும், சிறிது நேரத்தில் ஆள் மாறுவதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போன தலைமுறை அல்லவா.

அப்படிப் போகும்போது வயலுக்கு மேலே தூரத்தில் ஷார்த்ர் கோபுரங்கள் இரண்டும் தெரியத் தொடங்கும், கீழே ஊர் எதுவும் தெரியாது. ஒன்று 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம், அலங்காரம் இல்லாதது, ஏறத்தாழ 105 மீற்றர். மற்றது 1506இல் இடி விழுந்து எரிந்தபின் நுணுக்க வேலைப்பாட்டோடு திருப்பிக் கட்டியது, அது 113 மீற்றர் அளவில் உயரம். 1194 தீயில் பழைய பேராலயத்தின் பெரும்பகுதி போய்விட, அதற்குப் பிறகு எழுப்பியதுதான் இப்போது நாம் காணும் ஆலயம். 1939இல் போர் வரும் என்று தெரிந்து வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்தபின் திரும்பப் பொருத்தினார்கள்.

அந்தக் கண்ணாடிகளில் சாமிகள் மட்டும் இல்லை. கீழ் வரிசைகளைக் கவனித்துப் பார்த்தால் பாண் சுடுகிறவர், இறைச்சி வெட்டுகிறவர், சப்பாத்துத் தைக்கிறவர் எல்லோரும் தங்கள் வேலையைச் செய்தபடி இருக்கிறார்கள். பாண் பேக்கரியில் வேலை செய்கிற எங்கள் தம்பி ஒருவர் அந்தப் பாண்காரர் முன்னால் கழுத்து நோக நின்று பார்த்தார். அடுத்தமுறை பைனாகுலர் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு பாரிசுக்கு வடமேற்கே உள்ள வெக்சன் பக்கம் போனோம். ஜிசோரிலிருந்து காசினி வரை பழைய ரயில்பாதையில் அமைத்த பாதை, கார் கிடையாது, எப்த் ஆற்றோரமாகவே போகும். கல்லெறி தூரம்கூட அகலமில்லாத அந்த ஆறுதான் ஒருகாலத்தில் பிரெஞ்சு அரசுக்கும் நோர்மண்டிக்கும் எல்லை. 911இல் சன்-கிளேர் என்ற ஊரில் வைக்கிங் தலைவன் ரோலோவோடு ஒப்பந்தம் செய்து நிலத்தைக் கொடுத்தார்கள். பெரியவர்கள் லா ரோஷ்-கியோன் வரை போய், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த படிகளால் கோட்டையின் உச்சிக்கு ஏறி, செய்ன் ஆறு வளைகிற காட்சியைப் பார்த்தார்கள். பெண்கள் குழு தொடங்கியதும் இந்தப் பாதையில்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் போலின் ஃபெரான்-பிரெவோ பெண்கள் தூர் தெ பிரான்ஸை வென்றதை வீட்டில் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இனி ரோட்டு விசயங்கள். வெக்சன், போஸ் இரண்டு பக்கமும் மழைக்குப் பிறகு வயலிலிருந்து தீக்கல் சில்லுகள் ரோட்டுக்கு வந்துவிடும், பிளேட் போலக் கூர். ஓட்டை போன ரியூபை மாற்றிப் போட்டுவிட்டு அப்படியே போனால் அடுத்த மூலையில் திரும்பவும் காற்றுப் போகும், ஏனென்றால் கல் சில்லு ரயருக்குள்ளேயே இருக்கிறது. ரயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிச் சில்லைக் கண்டுபிடித்து, ஊசியால் வெளிப்பக்கமாகக் குத்தி எடுக்கவேண்டும். ரயர் வெட்டுப்பட்டிருந்தால் ஒரு ஐந்து யூரோத் தாளை மடித்து உள்ளே வைத்தால் வீடு வரை வரலாம்.

சாப்பாடும் அப்படித்தான். சன்-எத்தியேன் நகரில் இருந்த போல் தெ விவி என்ற பழைய சைக்கிள்காரர் பசி வருமுன் சாப்பிடு, தாகம் வருமுன் குடி என்று எழுதிவைத்திருக்கிறார். விலை கூடிய சத்துக் கட்டிகள் தேவையில்லை, எள்ளுருண்டையும் பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும் போதும், லாச்சப்பலில் எல்லாம் கிடைக்கும்.

கார்களைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீற்றர் இடம்விட வேண்டும் என்பது சட்டம், ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரு கிராம ரோட்டில் காரின் கண்ணாடி எங்கள் பிள்ளை ஒருவரின் முழங்கையில் உரசிவிட்டுப் போனது. நல்ல காலம், விழவில்லை. வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஊருக்கு வெளியே ஒளிர் அங்கி சட்டப்படி கட்டாயம், ஹெல்மெட் 12 வயதுக்குக் கீழ்தான் சட்டம். எங்கள் ஓட்டங்களில் இரண்டும் எல்லோருக்கும் எப்போதும் கட்டாயமாக இருக்கவேண்டும் என்று நிர்வாகசபை கேட்கிறது. கிராமத்துக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வாகனத்துக்கு முன்னுரிமை என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்த வருடத்துக்கு இரண்டு திட்டம். ஒன்று, புளுவா வரை ரயிலில் போய் லுவார் ஆற்றோரமாக ஓடி, 1519இல் கட்டத் தொடங்கிய ஷம்போர் மாளிகையைப் பார்த்து, ஒரு இரவு தங்கி வருவது. பாதை பெரும்பாலும் தட்டை, புதியவர்களும் வரலாம். மற்றது வேகக் குழுவுக்கு. 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 1200 கிலோமீற்றரை 90 மணி நேரத்தில் ஓட ஆசைப்படும் தம்பிமார் இருக்கிறார்கள், அதற்கு முன்னோட்டமாக 2026இல் 200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். அந்த ஓட்டத்தில் மட்டும் வழியில் இடம் பார்க்க நிற்கும் விதியிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கேட்டார்கள், கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஷம்போர் தங்குமிடத்துக்கு முற்பணம் கட்டவேண்டியிருப்பதால் வர விரும்புகிறவர்கள் இன்றைக்கே பொருளாளர் அக்காவிடம் பெயர் கொடுங்கள். ஹெல்மெட், அங்கி விதியையும் 200 கிலோமீற்றர் விலக்கையும் சபையின் வாக்குக்கு முன்மொழிகிறேன்.

செயலாளர்