மூத்த கலைஞர்களின் இரவு வாசிப்பை வெட்டிச் சுருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், அண்மையில் நான்கு இரவுகள் ஓர் இசைத்தொகுப்பு பதிவாயிற்று. நாதஸ்வரம், தவில், உறுமி, ஹார்மோனியம், தாளம் என வாசித்தவர்கள் ஐந்து பேர். அனைவரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நின்று, பால் வெட்டிவிட்டு, திருவிழாக் காலங்களில் இரவெல்லாம் சாமி ஊர்வலத்தில் வாசித்தவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆளுக்கொரு திசையாகப் பிரிந்த அவர்கள், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே பாயில் அமர்ந்தார்கள். தேநீர் கொடுக்கும் வேலையை நானாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டதால் நான்கு இரவும் உடனிருந்தேன்.

ஈப்போ–கோலகங்சார் சாலையில் லோரிகளின் இரைச்சல் அடங்கிய பிறகே வேலை தொடங்கும். முதல் இரவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்தி, காதில் கருவி மாட்டி, இயந்திரத் தாளத்துக்கு வாசிக்கச் சொன்னார் பதிவாளர். தவில்காரர் மறுத்துவிட்டார். நாயனக்காரரின் கன்னமும் மூச்சும் கண்ணுக்குத் தெரியாமல் தம்மால் கை வைக்க முடியாது என்றார். அது பிடிவாதமன்று, என்ன வரப்போகிறது என்பது வாசிப்பவருக்கே முன்கூட்டித் தெரியாத மனோதர்ம வாசிப்பில், அடுத்தவர் மூச்சு வாங்கும் அந்தக் கணம்தான் தவிலுக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பு. பதிவாளரும் அதைப் புரிந்துகொண்டு, ஐவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒலிவாங்கிகளைத் தள்ளி நிறுத்தினார்.

மூன்றாம் இரவில் ஏறத்தாழ இரண்டு மணியளவில் நீலாம்பரி தொடங்கியது. தாலாட்டுக்கு உரிய அந்த ராகத்தில் தவிலுக்கு வேலை குறைவு. அவர் கைகட்டி இருந்தார். ஹார்மோனியம் சுருதி மட்டும் கொடுத்தது. நாயனக்காரர் ஓரிடத்தில் மூச்சு போதாமல் நிறுத்திவிட்டார். அந்த வெற்றிடத்தில் உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் மெல்லத் தேய்த்து ஒரு முனகலை எழுப்பினார். நாயனம் அதே ஒலியிலிருந்து மறுபடியும் ராகத்தை எடுத்தது. கோயில் நாயனமும் உறுமியும் இப்படிச் சேர்ந்து நான் கேட்டதில்லை. வாசித்து முடித்து வெகுநேரம் யாரும் பேசவில்லை.

இருபத்தேழு நிமிடம் நீண்ட அந்த வாசிப்பை நான்கு நிமிடமாகச் சுருக்கி, மூச்சுத் தடுமாறிய இடத்தை நீக்கி வெளியிடலாம் என்று இப்போது செலவை ஏற்றுக்கொண்டவர் கருதுகிறார். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை, முடிவைத்தான் எதிர்க்கிறேன். தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்த நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே இடமிருந்த பழைய இசைத்தட்டுக்காக அதைக் குறுக்க வேண்டியிருந்தது. அது அக்காலக் கருவியின் எல்லை. இன்று அந்த எல்லை இல்லாதபோது நாமே கத்தரிக்கோலை எடுப்பது ஏன்? கேட்க ஆளில்லை என்றால், 1996இல் கியூபாவின் ஹவானா நகரில் ஒரு பழைய கூடத்தில் மூத்த கலைஞர்கள் சில நாட்களில் சேர்ந்து வாசித்துப் பதிந்த தொகுப்பை உலகமே வாங்கிக் கேட்டதை நினைவூட்டுகிறேன். அவர்களில் கோம்பாய் செகுந்தோ தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே, நான்கு இரவுகளின் பதிவும் முழுமையாக வெளிவர வேண்டும். சுருக்கப் பதிப்பு தேவையென்றால் அது தனியாக வரட்டும். வாசித்தவர்களின் பெயர்களும் அவர்கள் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்களும் உறையில் இடம்பெற வேண்டும். திரைப்பாடல் வெளியீடுகளுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்பங்கையாவது தங்கள் நாளிதழ் இத்தகைய பதிவுகளுக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இதே ஐவரும் இளமையில் வாசித்த தீமிதித் திருவிழா இரவுகளை அக்காலத்தில் பலர் கேசட்டில் பதிந்து வைத்திருந்தனர். நம் நாட்டு ஈரக்காற்றில் அந்நாடாக்கள் பூஞ்சை பிடித்து வருகின்றன. வைத்திருப்போர் அவற்றைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் படியெடுத்த பிறகு மூலத்தைத் திருப்பித் தர பதிவாளர் இசைந்துள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.